ரெண்டும் ஒண்ணுதான் என்றவள்

பக்கத்தில் யாரும் நில்லாதபோது ஒருத்தியின் உயரம் என்ன? அளந்து சென்டிமீட்டரில் சொல்லிவிடலாமே என்பது பதிலாகாது. அளவுகோலும் பக்கத்தில் வந்து நிற்பதுதான். அமுதவல்லியின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு தடவையாவது மனத்தில் தட்டியிருக்கும். அவளுக்கு அது தட்டியதா என்று தெரியாது. கேள்விகளை எடுத்து வைத்து வளர்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் முனியன் கொட்டாய். தோட்டத்து வீடுகள் நாலைந்து சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் அதைக் கொட்டாய் என்பார்கள். பிறகு வீடுகள் பெருகினாலும் பெயர் மாறுவதில்லை. அங்கே குள்ளம்மாள் தன் மகன்கள் இருவருக்கும் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்தாள். அண்ணன் தம்பிக்கு இப்படிச் சேர்த்து முடிப்பது அங்கே புதிதல்ல. சமையல் ஒன்று, மேளம் ஒன்று, சொந்தக்காரர்கள் இரண்டு தடவை அலைய வேண்டியதும் இல்லை. பெரியவன் முருகேஷுக்குக் கலைமணி. சின்னவன் மாதுவுக்கு அமுதவல்லி.

யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். இரண்டு மணப்பெண்கள் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பார்க்க வந்தவர்களின் கண் என்ன செய்யும்? மொய் எழுதிவிட்டு மேடைக்கு வந்தவர்கள் வாழ்த்திவிட்டு இறங்குவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். பெரியவள் நிறம், சின்னவள் உயரம். பெரியவளுக்கு முடி நீளம், சின்னவளுக்குப் பல் வரிசை. பந்தல் பிரித்த பிறகும் அந்தப் பேச்சு பிரியவில்லை. பால் ஊற்றப் போன இடத்தில், ரேஷன் கடையில், கோயில் திருவிழாவில், கலைமணியைப் பற்றிப் பேசியவர்கள் அமுதவல்லியைத் தொட்டுக்கொண்டார்கள். அமுதவல்லியைப் பற்றிப் பேசியவர்கள் கலைமணியைத் தொட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் குள்ளம்மாளின் முறை வேறு. கல்யாணமான அடுத்த வாரம் இரண்டு மருமகள்களையும் தனித்தனியாகக் களி கிண்டச் சொன்னாள். கேழ்வரகுக் களி கட்டி தட்டாமல் வந்தால்தான் அந்தப் பக்கத்தில் ஒருத்திக்குச் சமைக்கத் தெரியும் என்று ஒப்புக்கொள்வார்கள். குள்ளம்மாள் ஒவ்வொன்றிலும் ஒரு உருண்டை வாங்கிக் கீரைக் குழம்பில் தோய்த்துத் தின்றாள். கை கழுவிக்கொண்டே, "ரெண்டுல ஒண்ணு தேவல" என்றாள். எது என்று சொல்லவில்லை. மருமகள்கள் இருவரும் பல நாள் அந்த ஒரு வாக்கியத்தைத் தின்றார்கள்.

கொஞ்ச நாளில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். யார் முதலில் சொன்னது என்பதில் இன்றைக்கும் இருவருக்கும் ஒற்றுமை கிடையாது. தண்ணீர்த் தொட்டியடியில் துணி துவைக்கும்போது பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் உறுதி. இனி எவர் வந்து எதைக் கேட்டாலும், யார் புடவை நன்றாயிருக்கிறது, யார் குழம்பு ருசி, யார் பிறந்த வீட்டில் அதிகம் செய்தார்கள் என்று எப்படி வளைத்துக் கேட்டாலும், ஒரே பதில்: "ரெண்டும் ஒண்ணுதான்." அந்தப் பதிலில் கேட்டவருக்குச் சுவாரசியம் போய்விடும். வீட்டில் அடுப்பு இரண்டாகாமல் இத்தனை வருஷம் காத்தது அந்த இரண்டு சொற்கள்தான் என்று கலைமணி சொல்லுவாள். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஒப்பிடாமல் இருப்பதும் ஒரு பொய்தான். ஆனால் சில வீடுகள் பொய்யின் மேல் நன்றாகவே நிற்கின்றன.

அமுதவல்லி ஊர் அங்கன்வாடியில் உதவியாளராகச் சேர்ந்தாள். கூட்டுவது, துடைப்பது, சோறாக்கி முட்டை அவிப்பது, குழந்தைகளுக்குக் கை கழுவிவிடுவது அவள் வேலை. குழந்தைகள் அவளை ஆயா என்று கூப்பிட்டார்கள். பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்து, எடை பார்த்து, விவரங்களைப் போனில் ஏற்றுகிற செல்லம்மாளை டீச்சர் என்றார்கள். அடுத்த வருஷம் பக்கத்து ஊர் அங்கன்வாடியில் கலைமணியும் உதவியாளராகச் சேர்ந்தாள். மறுபடியும் இரண்டும் ஒன்றுதான். வீட்டில் கலைமணி மூத்தவள், வேலையில் அமுதவல்லி மூத்தவள் என்பது மட்டும் சிறு வித்தியாசம். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

செல்லம்மாளுக்கு ஓய்வு பெறும் வயது வந்தபோதுதான் அது பெரிதாயிற்று.

உதவியாளர்களில் பத்தாவது முடித்தவர்களுக்கு டீச்சராகப் பதவி உயர்வு உண்டு. வேலையில் மூத்தவருக்கு முதல் வாய்ப்பு. கலைமணி பத்தாவது முடித்திருந்தாள். அமுதவல்லி எல்லாப் பாடத்திலும் தேறி இங்கிலீஷில் மட்டும் தவறியவள். தனித்தேர்வராக இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போயிற்று. இந்தத் தடவை தேறினால் முனியன் கொட்டாய் அங்கன்வாடி அவளுக்கு. தேறாவிட்டால் அடுத்த இடத்தில் இருக்கும் கலைமணிக்கு. ஒரு காலியிடம், இரண்டு பேர். ஊர் இதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை. கல்யாணப் பந்தல் மறுபடியும் போட்டது போலாயிற்று.

அமுதவல்லிக்கு அந்த வேலை வேண்டும். அதில் அவளுக்கு மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் துடைத்த தரையில் ஒரு நாளாவது நாற்காலி போட்டு உட்கார்ந்து குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்ல வேண்டும் என்று மாதுவிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் தான் ஜெயித்தால் கலைமணி தோற்றவள் ஆவாள், தான் தோற்றால் கலைமணி மேலானவள் ஆவாள். இரண்டில் எது நடந்தாலும் அந்த இரண்டு சொற்களை இனிமேல் சொல்ல முடியாது. புத்தகத்தை எடுப்பாள், வைத்துவிடுவாள்.

புத்தகம் மூடிக் கிடப்பதைப் பார்த்தது கலைமணிதான். அவள் மகள் பிரியதர்ஷினி பி.எட். முடித்துவிட்டு மொரப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறாள். ஒரு சனிக்கிழமை கலைமணி மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து அமுதவல்லி முன்னால் நிறுத்தினாள்.

"இவள வச்சிக்க. பரீச்ச வரைக்கும் சாயங்காலமானா உனக்குத்தான்."

அமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நான் பாசானா..."

"தெரியும். நீ பெயிலாகி எனக்கு வேல கெடச்சா அது நான் செயிச்சதாவாது. உன்னப் படிக்கவுடாம பண்ணேன்னு ஆவும். அந்தப் பேச்சு எனக்கு வேணாம்."

பெருந்தன்மை என்று இதைச் சொல்லிவிடத் தோன்றும். கலைமணி அப்படிச் சொல்லவில்லை, தன் கணக்கைத்தான் சொன்னாள். அவள் சொன்னபடியே எடுத்துக்கொள்வதுதான் அவளுக்குச் செய்யும் மரியாதை.

பாடம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், மின்விசிறி எட்டுகிற இடத்தில் நடந்தது. மற்றப் பகுதிகள் எப்படியோ நகர்ந்தன. கடிதம் எழுதுவதை மனப்பாடம் செய்தாள். விளம்பரத்தைப் படித்துப் பதில் எழுதக் கற்றாள். ஒப்பிடுகிற பகுதி வந்ததும் நின்றாள். சின்னச் சொல்லாயிருந்தால் கடைசியில் ஒரு வால்: டால், டாலர், டாலஸ்ட். நீளமான சொல்லாயிருந்தால் முன்னால் ஒரு மோர், ஒரு மோஸ்ட். சில சொற்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் குட், பெட்டர், பெஸ்ட் என்று வேறு ஆளாகவே மாறிவிடும். அமுதவல்லி இதையெல்லாம் பிசகில்லாமல் ஒப்பித்தாள். சென்னை ஊட்டியைவிடச் சூடு என்று எழுதினாள். இரும்பு பஞ்சைவிடக் கனம் என்று எழுதினாள். மனிதர்கள் வந்தால் மட்டும் எல்லா விடையும் ஒரே அச்சில் விழுந்தது. ராமன் சோமுவைவிட உயரம் என்று எழுதச் சொன்னால், ராமன் சோமு அளவுக்கு உயரம் என்று வந்தது. சீதா வகுப்பிலேயே கெட்டிக்காரி என்பது, சீதா மற்றவர்கள் அளவுக்குக் கெட்டிக்காரி என்று வந்தது.

பிரியதர்ஷினி முதலில் சிரித்தாள். "உலகத்துல இருக்கற எல்லாரையும் ஒரே ஒசரமாக்கிட்டீங்க சின்னம்மா."

அமுதவல்லி அதைத் திருத்திவிட்டு அடுத்ததில் மறுபடியும் அதையே எழுதினாள். தெரியாமல் அல்ல. கேட்டால் சரியான விடையை வாயால் சொன்னாள். கை அதை எழுதவில்லை. இத்தனை வருஷம் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பார்த்தாலே கை தானாகச் சமாதானம் செய்து வைக்கப் பழகியிருந்தது. வேறெந்த ஊரிலும் எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

"ஊருப் பேரு போடும்மா. இல்ல ஆட்டுப் பேரு போடு. மனுசங்க வேணாம்" என்றாள் அமுதவல்லி.

"பரீச்சைல ஆடு வராதுங்க. ராமன், சீதான்னுதான் வரும்."

"அவங்களும் யாரோ வூட்டுப் புள்ளைங்கதான?"

பிரியதர்ஷினி தான் பி.எட். வகுப்பில் கேட்ட ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள். யாரையும் யாரோடும் ஒப்பிட வேண்டாம், நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றாள். தினசரிக் காலண்டரின் அடியில் அச்சாகிற தரமுள்ள யோசனை அது. அமுதவல்லி மரியாதையாக யோசித்துவிட்டு, நேற்றும் இதே வேலைதான், இன்றும் இதே வேலைதான், ரெண்டும் ஒண்ணுதான் என்றாள்.

கதவைத் திறந்தது வேறொரு பாடம். ஆளை விட்டுவிட்டு, ஆள் செய்கிற வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொற்கள் இருக்கின்றன. வேகமாக, கவனமாக, மெதுவாக. அவற்றையும் அதே விதமாக ஒப்பிடலாம் என்று பிரியதர்ஷினி சொல்லிக்கொண்டிருந்தபோது அமுதவல்லி இடைமறித்தாள்.

"அப்ப ஆளு பெருசு சிறுசு இல்ல. வேலதான் முன்ன பின்ன."

"அப்படித்தாங்க."

அவள் நோட்டை இழுத்து, யாரும் சொல்லாமலே இரண்டு வாக்கியம் எழுதினாள். கலைமணி அமுதவல்லியைவிட வேகமாகக் களி கிண்டுகிறாள். அமுதவல்லி கலைமணியைவிடக் கவனமாகப் பெருக்குகிறாள். பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த கலைமணி, என் பேர் எதற்கு அடிபடுகிறது என்று கேட்டாள். மகள் அர்த்தம் சொன்னாள்.

கலைமணி ஒரு காயை உரித்து முடித்துவிட்டு, "நெசந்தான்" என்றாள். "கட்டிலுக்கடியில நான் பெருக்கறதே இல்ல."

அங்கேயே கட்டிலில் கிடந்த மாமியார் குள்ளம்மாள் திரும்பிப் படுத்தபடி, அது தனக்கு எப்போதோ தெரியும் என்றாள். இதுதான் சமயம் என்று பிரியதர்ஷினி, அன்றைக்கு யார் கிண்டிய களி தேவலையாக இருந்தது என்று அவளைக் கேட்டுவிட்டாள். "அதச் சொல்லியிருந்தா இந்த வூட்டுல எப்பவோ ரெண்டு பொகை கெளம்பியிருக்கும்" என்றாள் கிழவி. அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் கறக்க முடியவில்லை.

செய்கையைச் செய்கிறவரிடமிருந்து பிரித்து எடைபோட முடியுமா என்று தத்துவம் படித்தவர்கள் வெகுகாலமாகச் சண்டை போடுகிறார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு அது பிரிந்தது போலத்தான் இருந்தது. நிரந்தரமாகப் பிரிந்ததா என்பது வேறு விஷயம். ஆளை ஆளோடு வைக்க வேண்டிய வாக்கியங்களில் அமுதவல்லியின் கை இன்னும் தயங்கியது.

அங்கன்வாடியில் தீர்த்தம்மாளின் மகள் வெண்மதிக்கு மூன்று வயது. எதிர்வீட்டுப் பையனும் அதே வயது. இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். எடை பார்க்கும் நாளில் குழந்தைகளைத் தூக்கித் தராசில் நிறுத்துவது அமுதவல்லியின் வேலை. தங்கள் பிள்ளையின் எடையை அடுத்த பிள்ளையின் எடையோடு வைத்து யாராவது பேசினால் அந்த ஊர்த் தாய்மாருக்குப் பிடிக்காது. கூடச் சொன்னால் கண் படும், குறையச் சொன்னால் வாய்முகூர்த்தம் பலிக்கும். செல்லம்மாள் அதனால் சத்தமாகச் சொல்வதில்லை. அந்த மாதம் வெண்மதியை இறக்கும்போது அமுதவல்லியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள், எடை குறைத்துக் காட்டுகிறதே, இந்தப் பிள்ளை இளைத்த மாதிரி இல்லையா என்று. அமுதவல்லியின் வாய் பழக்கத்தில், "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குதுங்க டீச்சர்" என்றது. தினமும் தூக்குகிறவள் சொல்கிறாளே, தராசுதான் பிசகோ என்று செல்லம்மாள், அடுத்த வாரம் இன்னொரு தடவை எடை பார்த்துவிடலாம் என்றாள்.

அடுத்த நாள் கை கழுவிவிட எதிர்வீட்டுப் பையனைத் தூக்கிய கையோடு வெண்மதியைத் தூக்கினாள் அமுதவல்லி. தூக்கியவள் அப்படியே நின்றாள். இது இன்றைக்குப் புதிதாகத் தெரிந்ததல்ல. கை பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது, அவள்தான் கேட்கவில்லை. குழந்தை சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு மூலையில் சாய்ந்துகொள்வதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செல்லம்மாளிடம் போய், தான் சொன்னது தப்பு என்றாள். செல்லம்மாள் கோபப்படவில்லை. இன்றைக்கே தாயிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள். சாயங்காலம் அமுதவல்லியே தீர்த்தம்மாள் வீட்டு வாசலுக்குப் போனாள். குழந்தை எதிர்வீட்டுப் பையனைவிட இளைத்திருக்கிறது, போன மாதத்தைவிட இளைத்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று நின்ற வாக்கில் சொல்லி முடித்தாள்.

தீர்த்தம்மாளின் முகம் மாறியது. "எம்புள்ளயப் பக்கத்துப் புள்ளயோட சோடி போட்டுப் பாக்கறியாக்கா? உன்னயும் கலைமணியக்காவயும் ஊரு அப்படிப் பாத்தப்ப உனுக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இல்ல" என்றாள் அமுதவல்லி. "ஆனா எங்களுக்கு வாய் இருந்துச்சு. இதுக்கு இன்னும் சொல்லத் தெரியல."

தீர்த்தம்மாள் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காலையில் முதல் பஸ்ஸுக்குத் தீர்த்தம்மாள் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். மொரப்பூரில் பார்த்துவிட்டுத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிறுநீரில் தொற்று, உள்ளுக்குள்ளேயே இருந்து பிள்ளையை அரித்துக்கொண்டிருக்கிறது. பிடித்தாயிற்று, மருந்து இருக்கிறது, பயமில்லை என்றார்கள். சில வாரங்களில் வெண்மதி இரண்டாவது தடவை சோறு கேட்டாள். தீர்த்தம்மாள் அங்கன்வாடி வாசலில் ஒரு சுரைக்காயை வைத்துவிட்டுப் போனாள். அமுதவல்லி அன்றைக்குப் பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது என்று பிறகு மாதுவிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சம்பவம் அவளை அடியோடு மாற்றிவிட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும். அவ்வளவு சுத்தமாக எதுவும் நடக்கவில்லை. ஒப்பிடுவது ஆளைக் குறைப்பதற்கு மட்டும் அல்ல, சில சமயம் காப்பாற்றவும்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் ராமனையும் சோமுவையும் கண்டால் ஒரு நொடி நின்றுதான் எழுதினாள். நின்றாலும் எழுதினாள். பிரியதர்ஷினி அதுவே போதும் என்றாள்.

பரீட்சை தருமபுரியில். கலைமணி அன்றைக்கு விடிவதற்கு முன்னாலேயே எழுந்து எலுமிச்சை சாதம் கட்டி வைத்துவிட்டுத் தன் அங்கன்வாடிக்குப் போய்விட்டாள். வழியனுப்ப நிற்கவில்லை. முந்தின ஒரு வாரமாகவே அவள் பேச்சு குறைந்திருந்தது. பஸ்ஸில் அமுதவல்லி புத்தகத்தைத் திறக்கவில்லை. அக்கா ஏன் நிற்கவில்லை என்பதையே நினைத்துக்கொண்டு போனாள். பள்ளி வாசலில் பாதிப் பேருக்கு அவளுடைய மகனாக இருக்கும் வயது. எழுதிவிட்டு வெளியே வந்தவளிடம் பிரியதர்ஷினி போனில் எப்படி என்று கேட்டாள். ஒரு விடையைக்கூட விடவில்லை, சரியா தப்பா என்று தெரியாது என்றாள். வீட்டில் கலைமணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கழுவ எடுத்துக்கொண்டாள்.

முடிவு வந்த நாள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. ஊர் மேல்நிலைத் தொட்டியடியில்தான் நன்றாகக் கிடைக்கும். பிரியதர்ஷினி போனோடு அங்கே ஓடினாள், பின்னால் அமுதவல்லி, அவளுக்குப் பின்னால் ஈரக்கையோடு கலைமணி. பக்கம் திறப்பதும் சுற்றுவதுமாக இருந்தது. பதிவெண்ணை மறுபடி மறுபடி அடித்தாள். கடைசியில் திறந்தது. தேறுவதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட. பெருமைப்படும்படியான மதிப்பெண் அல்ல.

"பாசுங்க சின்னம்மா."

கலைமணி தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா" என்று அவள் விட்ட மூச்சு மூன்று பேருக்கும் கேட்டது. அமுதவல்லி அவளைத் திரும்பிப் பார்த்தாள். வேலை கைவிட்டுப் போனவள் விடும் மூச்சாக அது இல்லை. சுமை தூக்கிக்கொண்டு வந்தவள் இறக்கிவிட்டு விடும் மூச்சு அது. அப்போதுதான் அமுதவல்லிக்கும் மூச்சு வந்தது. இருவரும் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின வாரமெல்லாம் பேசாதிருந்ததற்குக் காரணம் கேட்டபோது, எங்கே நீ தோற்றுவிடுவாயோ என்று பயந்துகொண்டிருந்தேன், வாயைத் திறந்தால் அதைச் சொல்லிவிடுவேன் என்றாள் கலைமணி.

குள்ளம்மாளிடம் சொன்னபோது, "சரி, ரெண்டு பேரும் பாசு. ஒல வச்சாச்சா?" என்றாள்.

ஊர் இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை. ஆயா டீச்சராகப் போகிறாள், பெரியவள் ஆயாவாகவே இருக்கப் போகிறாள் என்று ரேஷன் கடை வரிசையில் தீர்ப்பு எழுதப்பட்டது. கலைமணி அதைக் கேட்டுவிட்டு, தன் மகள் சொல்லிக்கொடுத்துத்தான் பாஸ் என்றாள். அதைத் தவிர வாதாடவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டில் இருவரும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதைக் கொஞ்சம் தவிர்த்தார்கள். பயந்த வம்பு மெல்ல உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

பதவி உயர்வுக்கு இருவரையும் மொரப்பூர் அலுவலகத்துக்கு ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். அமுதவல்லிக்குக் கிடைக்காவிட்டால் என்பதற்காகக் கலைமணியையும் அழைத்திருப்பார்கள் என்று வீட்டில் நினைத்தார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நடுவில் பை.

அலுவலகத்தில் அதிகாரி அம்மா காலியிடங்களை வாசித்தார். முனியன் கொட்டாய் ஒன்று. பாறைக்கொட்டாய் ஒன்று. இரண்டாவது இடம் வெகுநாளாகக் காலி. தூரம் என்பதால் எவரும் கேட்காமல் கிடந்தது, இந்தத் தடவை அதையும் நிரப்பிவிடச் சொல்லி உத்தரவு. கலைமணிக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் விளக்கினார்: இரண்டு இடம், இரண்டு பேர். இருவரும் இன்றைக்கே டீச்சர்.

கலைமணியின் கை அமுதவல்லியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, அதிகாரி முன்னால் அடக்கிக்கொண்டார்கள். இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த கல் ஒருவரும் தள்ளாமலே உருண்டுவிட்டது. யாரும் தோற்கவில்லை. அமுதவல்லிக்குச் சொந்த ஊர், கலைமணிக்குத் தூரத்து ஊர். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். முழங்கால் வலிதான், பரவாயில்லை, போய்விடலாம் என்று கலைமணி மெல்லச் சொன்னாள். அவள் குரலில் குறை இல்லை.

வேலையில் மூத்தவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதிகாரி அமுதவல்லியை அழைத்தார். எழுதுவதற்குப் பேனாவை எடுத்தபடி, முனியன் கொட்டாய்தானே என்றார். கேட்பதற்காகக் கேட்டதுகூட அல்ல.

"பாறக்கொட்டாய்ங்க."

அதிகாரி நிமிர்ந்தார். முனியன் கொட்டாய் உங்கள் ஊர்தானே, அங்கேதானே இத்தனை வருஷம் வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ஆமாங்க என்றாள். தெரிந்துதான் கேட்கிறீர்களா, ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் மாற்ற முடியாது என்றார். தெரியுங்க என்றாள். பின்னாலிருந்து கலைமணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அமுதவல்லி திரும்பவில்லை.

ஊர் இதற்குப் பல காரணங்களைக் கண்டுபிடித்திருக்கிறது. கலைமணியின் முழங்கால் வலிக்காக என்பவர்கள் உண்டு. பிரியதர்ஷினி பாடம் சொல்லிக்கொடுத்ததற்குப் பதில்முறை என்பவர்கள் உண்டு. ஒரு தடவையாவது தனியாக ஓர் இடத்தில் இருந்து பார்க்க ஆசைப்பட்டிருப்பாள் என்று செல்லம்மாள் நினைக்கிறாள். எல்லாமே இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். மாது கேட்டான், கலைமணி சண்டை போட்டே கேட்டாள், குள்ளம்மாள்கூட ஒரு நாள் களி உருட்டும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பஸ்தான் இருக்கிறதே என்பதற்கு மேல் அமுதவல்லி எவருக்கும் எதுவும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த அலுவலகத்தில் அவள் பேனாவை வாங்கி, அதிகாரி விரல் வைத்துக் காட்டிய இடத்தில், பாறைக்கொட்டாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.